நவம்பர் 15க்குள் உடம்பைத் தேற்றுவது எப்படி? மிச்சிகன் மான் வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மிச்சிகனில் துப்பாக்கி மான் சீசன் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15 அன்று தொடங்கி 30 அன்று முடிகிறது. எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. டெட்ராய்ட்டைச் சுற்றி நோவை, கேன்டன், டிராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று குடியிருந்து கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் சிலர், உடன் வேலை செய்பவர்கள் கூப்பிட்டு, முதல்முறையாக வடக்கே காட்டுக்குக் கிளம்புகிறார்கள். கிளம்புமுன் என்னிடம் வந்து துப்பாக்கி எது வாங்கலாம், ஸ்கோப் எது நல்லது, குளிருக்கு எந்த பூட்ஸ் என்றெல்லாம் கேட்பார்கள். செத்த மானைக் காட்டிலிருந்து வண்டிவரை எப்படிக் கொண்டுவருவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நான் முதல்முறை போனபோது எனக்கு வயது 41. மான் விழுந்த இடத்திலிருந்து வண்டி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் நின்றது. அதைக் கடக்க நண்பருக்கும் எனக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்துப் பயந்து, கயிற்றை விட்டுவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். அப்போது நான் வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தவன்தான். ஆனால் அங்கே செய்தது எதுவும் இந்த வேலைக்கான பயிற்சி இல்லை.

முதலில் இதயம்

வேட்டை நாளில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். விடியுமுன் இருட்டில் கனமான உடையோடும் துப்பாக்கியோடும் நடக்கிறீர்கள். பிறகு நாலைந்து மணி நேரம் அசையாமல் உட்காருகிறீர்கள். குளிரில் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. திடீரென்று மான் தெரிகிறது, அட்ரினலின் பாய்கிறது. சுட்டு முடித்ததும், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் உங்கள் எடையளவு கனத்தை இழுக்க ஆரம்பிக்கிறீர்கள். இவை எல்லாம் ஒரே காலைப்பொழுதில் நடக்கின்றன.

மிச்சிகனிலேயே இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். 25 ஆண்களின் உடம்பில் இதயத்துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்தி வேட்டைக்கு அனுப்பினார்கள். அவர்களில் 17 பேருக்கு ஏற்கெனவே இதய ரத்தக் குழாய் நோய் இருந்தது. ட்ரெட்மில் பரிசோதனையில் எட்டிய உச்சத் துடிப்பையும் தாண்டிய துடிப்பு சிலருக்குக் காட்டில் பதிவானது. இதயத்தைச் சோதிக்கவென்றே மருத்துவமனையில் ஓடவிட்டு எடுத்த அளவைவிட வேட்டையின்போது கூடுதல் என்றால், அந்த வேலையின் கடுமையைப் புரிந்துகொள்ளலாம்.

நமக்கு இது இன்னும் முக்கியம். தெற்காசிய வம்சாவளியையே இதய நோய் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. ஒல்லியாகத் தெரிகிற நமக்கும் தொப்பைக் கொழுப்பும் சர்க்கரையும் சின்ன வயதிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே, பயிற்சி தொடங்குமுன் ஜூலையிலேயே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வயது 40ஐத் தாண்டியிருந்தாலோ, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, ட்ரெட்மில் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். "கொஞ்சம் உடற்பயிற்சி செய்யப் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "குளிரில் 60 கிலோவை ஒரு கிலோமீட்டர் இழுக்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

எவ்வளவு கனம், எவ்வளவு காலம்

இங்கே கிடைப்பது வெள்ளைவால் மான். நன்கு வளர்ந்த ஆண் மான் 80 கிலோ இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அங்கேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மீதி 60 கிலோ சொச்சத்தை விழுந்த மரங்களுக்கு மேலாகவும், சேற்றிலும், ஈர இலைகளிலும் இழுத்து வரவேண்டும். ஜிம்மில் 60 கிலோ கம்பியைத் தூக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்பிக்குப் பிடி உண்டு. மான் உடலுக்கு அப்படி ஒரு பிடி கிடையாது.

ஜூலை கடைசி வாரம் தொடங்கினால் 16 வாரங்கள் கைவசம் இருக்கும். அது தாராளம். செப்டம்பரில் விழித்துக்கொண்டால் 10 வாரம், அதிலும் நிறையச் செய்யலாம். அக்டோபர் கடைசியில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த வருடம் நடைப்பயிற்சியை மட்டும் செய்துகொண்டு, இழுக்கும் வேலைக்கு ஆள் துணையும் ஸ்லெட் என்னும் சறுக்குப் பலகையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டே வாரத்தில் உடம்பைத் தேற்றுகிறேன் என்று இறங்கினால் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான்.

முதல் மாதம்: நடை, படி, பஸ்கி

வாரத்தில் நாலு நாள் வேகநடை. முதல் வாரம் 30 நிமிடம், மாதக் கடைசியில் 50 நிமிடம். எவ்வளவு வேகம் என்பதற்கு எளிய அளவு: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கைக்கடிகாரத்தில் துடிப்பு தெரிந்தால், 220லிருந்து வயதைக் கழித்து வருவதை உத்தேச உச்சமாக வைத்துக்கொள்ளலாம். 45 வயதுக்காரருக்கு 175. இந்த மாதம் அதில் 70 சதவீதத்தை, அதாவது 120ஐ ஒட்டியே இருங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சு, பாட்டு அளவையே நம்பட்டும்.

தென்கிழக்கு மிச்சிகனில் மேடு பள்ளம் குறைவு. கென்சிங்டன் பூங்காவில் கென்ட் ஏரியைச் சுற்றிப் போகும் தார்ப்பாதை முதல் மாதத்துக்குப் போதும். ஏற்றத்துக்கு அலுவலக வண்டி நிறுத்தும் கட்டிடத்தின் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள். மதிய உணவுக்குப் பின் உட்காராமல் 10 நிமிடம் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். தொடை அப்போதுதான் வலுக்கும்.

வாரம் இரண்டு நாள் வலுவுக்கு. இதற்கு ஜிம் வேண்டாம், நம் ஊரில் தெரிந்தவையே போதும். பஸ்கி 15, தண்டால் 10, ஒரு படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது காலுக்கு 10, இப்படி மூன்று சுற்று. தண்டால் முடியாதவர்கள் கட்டில் விளிம்பில் கைவைத்து எடுக்கலாம். பஸ்கியில் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், தினமும் சுவரில் கைவைத்து நீட்டிவிடுங்கள்.

கடைசியாகக் குடம் நடை. ஹார்டுவேர் கடையில் ஐந்து கேலன் வாளி இரண்டு வாங்கி, பாதி தண்ணீர் நிரப்பிக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பின்புறத்தில் நடங்கள். பாதி வாளி ஒன்பதரை கிலோ வரும், முழு வாளி 19. தோள் இறங்காமல், முதுகு வளையாமல், தண்ணீர் சிந்தாமல் நடக்கவேண்டும். பிடி, தோள், இடுப்பு மூன்றையும் சேர்த்து வலுப்படுத்த இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தண்ணீர்க் குடம் சுமந்த நம் பாட்டிமார்களுக்கு மானை இழுப்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

இரண்டாவது, மூன்றாவது மாதம்: முதுகில் அரிசி மூட்டை

இந்தியக் கடையில் கிடைக்கும் 10 பவுண்டு அரிசிப் பையை முதுகுப்பையில் வையுங்கள். நாலரை கிலோ. துண்டு ஒன்றைச் சுற்றி, பையின் மேல்பகுதியில், முதுகை ஒட்டி இருக்குமாறு கட்டுங்கள். கீழே தொங்கினால் இடுப்பை இழுக்கும். வாரம் இரண்டு நடையை இந்தப் பையோடு நடங்கள். மூன்று வாரம் கழித்து 20 பவுண்டுப் பை. மூன்றாவது மாதக் கடைசியில் 12 கிலோ வரை போகலாம். அதற்கு மேல் தேவையில்லை. கனத்தையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். முழங்கால் வலியோடு என்னிடம் வந்தவர்கள் எல்லாருமே இரண்டையும் சேர்த்துக் கூட்டியவர்கள்தான்.

இனி நடையை வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் அதே பூட்ஸில் செய்யுங்கள். சீசன் அன்று புது பூட்ஸைப் பிரிப்பவருக்கு மத்தியானத்துக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். தார்ப்பாதையை விட்டுக் காட்டுப்பாதைக்கும் மாறுங்கள். பிங்க்னி அருகே போட்டவாட்டமி பாதை 27 கிலோமீட்டர், மேடும் பள்ளமும் வேரும் கல்லுமாக இருக்கும். முழுவதும் போகவேண்டியதில்லை, ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இலையுதிர்காலத்திலும் சுறுசுறுப்பாகத் திரியும். அக்டோபர் 1 முதல் வில் வேட்டை தொடங்கிவிடுவதால், அதன்பின் காட்டில் நடக்கும்போது ஆரஞ்சு நிறத் தொப்பியோ மேலங்கியோ கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மாதத்திலேயே வாரம் ஒருநாள் துடிப்பை ஏற்றி இறக்கிப் பழகவேண்டும். படிக்கட்டில் ஒரு நிமிடம் வேகமாக ஏறுங்கள், இரண்டு நிமிடம் மெதுவாக நடங்கள். ஆறு முறையில் தொடங்கி பத்து முறைவரை போங்கள். எவ்வளவு உயரத்துக்குத் துடிப்பு போகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மானைக் கண்டதும் எகிறும் நெஞ்சை அடக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக் குறிபார்க்க இதுதான் உதவும். துப்பாக்கி சுடும் மைதானத்தில் அனுமதித்தால், ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்து உடனே சுட்டுப் பாருங்கள். மேசையில் சாய்ந்து நிதானமாகச் சுட்ட குறிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மானைக் குறிதப்பி அடித்து அது அடிபட்டு அலைந்து சாவதைத் தடுக்கவும் இந்தப் பயிற்சி தேவை. எனக்கு இது உடல்நலத்துக்குச் சமமான விஷயம்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம், பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்பே உரிமத்தை எடுத்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்கவேண்டும் என்பது மிச்சிகன் விதி. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டதால், நம்மில் பெரும்பாலோர் இதை அப்பாவிடமோ மாமாவிடமோ பார்த்துக் கற்றவர்கள் இல்லை. அந்த வகுப்பில் கூச்சமில்லாமல் கேள்வி கேளுங்கள்.

நாலாவது மாதம்: டயரை இழுப்பது

பழைய கார் டயர் ஒன்று, 20 கிலோ மணல் மூட்டை ஒன்று, நாலு மீட்டர் கயிறு. டயரின் நடுவில் மூட்டையை வைத்துக் கட்டி, புல்தரையில் இழுங்கள். 50 மீட்டர் இழுத்து ஒரு நிமிடம் நிற்பது, இப்படி ஆறு முறை. வாரம் இருமுறை.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்து இழுக்கத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் முதுகு பிடிக்கும், பின்னால் இருக்கும் வேரும் தெரியாது. இடுப்புப் பட்டையிலோ தோளைச் சுற்றிய பட்டையிலோ கயிற்றை மாட்டி, முன்பக்கம் பார்த்து, உடம்பை லேசாகச் சாய்த்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். உழவு மாடு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், கழுத்தும் தோளும் காலும்தான் வேலை செய்யும். மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டி இழுக்கவே கூடாது. தம் கட்டும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அடிக்கு ஒரு மூச்சு என்று வாய்விட்டு ஊதுங்கள்.

பரண் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. இங்கே மரத்தில் கட்டும் இருக்கையை, தினைப்புனம் காக்கும் நம் பரணின் பெயராலேயே சொல்லிவிடலாம். வேட்டைக்காரர்கள் அடிபடுவதற்குத் துப்பாக்கியைவிடப் பரணிலிருந்து விழுவதே பெரிய காரணமாக இருக்கிறது. இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை என்று எப்போதும் மூன்று உறுப்பு ஏணியில் இருக்கவேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள், குண்டை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுங்கள். முழு உடம்பையும் பிடிக்கும் ஹார்னஸை தரையிலேயே மாட்டி, ஏணியோடு போகும் பாதுகாப்புக் கயிற்றில் கொக்கியைப் போட்டபின்தான் முதல் படியில் கால் வைக்கவேண்டும். பயிற்சியாக, ஒற்றைக் காலில் கண்ணை மூடி 20 வினாடி நின்று பழகுங்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பழகுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஹார்னஸோடு வரும் கால்பட்டையில் மிதித்துக் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை, முழங்கால் உயரத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

கடைசிப் பத்து நாள் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். இழுப்பதை நிறுத்திவிடலாம். நன்றாகத் தூங்குங்கள்.

அன்றைக்கு

நவம்பர் நடுவில் வடக்கே விடியற்காலைக் குளிர் உறைநிலையை ஒட்டி இருக்கும், அதற்குக் கீழேயும் போகும். பருத்தி உள்ளாடை வேண்டாம், வேர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் உடம்பைக் குளிர்வித்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள். கனமான கோட்டை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு, லேசாகக் குளிர்கிற உடையில் நடந்து போய், உட்காருகிற இடத்தில் கோட்டைப் போட்டுக்கொள்ளவேண்டும். வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடந்தால் போய்ச் சேரும்போது உள்ளே நனைந்திருக்கும். அதன்பின் நாலு மணி நேரம் நடுக்கம்தான்.

சுடுவதற்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடும் என்பதால் எல்லாரும் அவசரப்படுவார்கள். நீங்கள் 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக நடங்கள். சிறுநீர் வரும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் பையில் இருக்கட்டும். பிளாஸ்கில் சூடாக ரசம் கொண்டுபோவது எனக்குப் பிடிக்கும், ஆனால் மானின் மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. வண்டியில் வைத்துக் குடித்துவிட்டுப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் கோட்டுக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வையுங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், கருவியும் கடுங்குளிரில் சரியாகக் காட்டாது. குளுக்கோஸ் மாத்திரை கைக்கெட்டும் பையில் இருக்கவேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை பூட்ஸுக்குள் விரலை மடக்கி விரியுங்கள், தொடையை இறுக்கித் தளர்த்துங்கள். மானுக்கு இது தெரியாது.

மான் விழுந்தபின் அரை மணி நேரம் உட்காருங்கள். மான் அடங்குவதற்காகச் சொல்லும் வழக்கம் இது, உங்கள் நெஞ்சு அடங்குவதற்கும் இதுதான் நேரம். தண்ணீர் குடித்து, எதையாவது சாப்பிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டுக் குடலெடுக்கும் வேலையைத் தொடங்குங்கள். இழுக்கும்போது தலை முன்னால் வரவேண்டும், அப்போது மயிர் படிந்து வழுக்கிக்கொண்டு வரும். முன்னங்கால்களைக் கொம்போடு சேர்த்துக் கட்டினால் எதிலும் மாட்டாது. பெண் மானாக இருந்தால் கழுத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். குழந்தைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் ஸ்லெட் ஒன்று வண்டியில் இருந்தால் உழைப்பு பெருமளவு குறையும். 40 அடி இழுத்து நில்லுங்கள். மூச்சு சீராகி முழு வாக்கியம் பேச முடிந்தபிறகு அடுத்த 40. கைக்கடிகாரத்தில் உச்சத் துடிப்பின் 85 சதவீதம் தெரிந்தால், 45 வயதுக்காரருக்கு 149, அங்கேயே கயிற்றை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் மான் ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகாது.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வேர்வை, குமட்டல் இவற்றில் எது வந்தாலும் வண்டியை நோக்கி நடக்காதீர்கள். உட்கார்ந்து 911ஐ அழையுங்கள். காட்டில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் எங்கே இருப்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை முதல்நாள் இரவே வீட்டில் வரைபடத்தோடு சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிச் சொல்லாமல் நான் ஒருநாளும் கிளம்புவதில்லை.

வண்டிக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பலர் முதுகை உடைத்துக்கொள்கிறார்கள். களைத்துப்போன உடம்போடு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில், தனியாளாகக் குனிந்து மானை உள்ளே தூக்கப் பார்ப்பார்கள். தூக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள். நவம்பர் 15 அன்று மிச்சிகனில் எந்தக் காட்டோரத்திலும் கூப்பிட்டால் வராத ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒருவர் முன்னங்காலையும் ஒருவர் பின்னங்காலையும் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி எழுந்திருங்கள்.